அந்த இரண்டு ரேக்குகளை நகர்த்த வேண்டும்

தமிழ்நாட்டுப் பொது நூலகங்களின் பொறுப்பில் இருக்கும் அலுவலர்களுக்கும், கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் வேலை பார்க்கும் நூலகர்களுக்கும் ஒரு வாசகன் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வடக்குச் சுவரில் மூன்று பெரிய சன்னல்கள் இருக்கின்றன. கட்டியவர் விவரம் தெரிந்தவர். வடக்கு வெளிச்சம் கண்ணைக் கூசாது, வெயிலும் நேராக உள்ளே விழாது. சன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். ஆனால் அந்த மூன்றில் இரண்டு சன்னல்களை அடைத்துக்கொண்டு இரண்டு இரும்பு ரேக்குகள் நிற்கின்றன. புத்தகம் கூடக் கூட, இடம் இல்லாமல் யாரோ எப்போதோ அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் சித்திரை மாதத்துப் பகல் பன்னிரண்டு மணிக்கு, வெளியே ஊரே வெளிச்சத்தில் தகிக்கும்போது, உள்ளே பன்னிரண்டு டியூப்லைட் எரிகிறது. அப்படியும் நாளிதழ் மேசையில் உட்காரும் பெரியவர்கள் பேப்பரைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்துத்தான் படிக்கிறார்கள்.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு வீடாக, கடை கடையாக மீட்டர் ரீடிங் எடுத்தே வேலைக்காலம் கழிந்தது. எங்கே போனாலும் எத்தனை விளக்கு, எத்தனை மின்விசிறி, எத்தனை வாட் என்று மனம் தானாகவே கூட்டிப் பார்க்கும். இப்போது ஆறு ஆண்டுகளாக வாசகர் வட்டத்தில் உறுப்பினர். காலையில் போனால் மதியம்வரை நூலகத்தில்தான். அந்த இரண்டு ரேக்குகளைப் பார்த்துப் பார்த்து, இவ்வளவு நாள் மனதுக்குள் வைத்திருந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பசுமை நூலகம் என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. மகிழ்ச்சிதான். 2010-இல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், பசுமைக் கட்டடங்களுக்குத் தரும் 'லீட்' தங்கச் சான்று பெற்றது. 2023-இல் மதுரைக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. இரண்டுக்கும் போய் நாள் முழுக்க உட்கார்ந்து படித்திருக்கிறேன். பெருமையாக இருந்தது. ஆனால் நம் மாநிலத்தில் இருப்பது 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரே கூடம் உள்ள கட்டடங்கள், ஓட்டு வீடுகள், ஊராட்சி கொடுத்த அறைகள். அவற்றுக்குச் சான்றிதழ் எதுவும் வரப்போவதில்லை. அவற்றில் நடப்பதுதான் கணக்கில் பெரிது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

மின்சாரத்திலிருந்தே தொடங்குகிறேன், எனக்குத் தெரிந்த விஷயம் அது. சோக்கோடு சேர்த்தால் ஒரு பழைய டியூப்லைட் 50 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். பழைய மின்விசிறி 75 வாட். எங்கள் நூலகத்தில் 12 விளக்கு, 8 மின்விசிறி. நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 10 யூனிட். இதே விளக்குகள் 20 வாட் எல்.இ.டி.யாகவும், மின்விசிறிகள் 30 வாட் பி.எல்.டி.சி. வகையாகவும் இருந்தால் 4 யூனிட்டில் முடிந்துவிடும். நாளைக்கு 6 யூனிட் மிச்சம் என்றால், 300 வேலை நாளில் 1,800 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. அப்படிப் பார்த்தால் ஒரே ஒரு கிளை நூலகத்தில் ஆண்டுக்கு ஒன்றேகால் டன் குறையும்.

இதற்குப் பணம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணமே வேண்டாத வேலை ஒன்று இதற்கு முன்னால் இருக்கிறது. அந்த இரண்டு சன்னல்களும் திறந்தால், காலை பத்திலிருந்து மாலை நாலுவரை எட்டு விளக்குகளை அணைத்துவிடலாம். அது மட்டுமே நாளைக்கு இரண்டரை யூனிட்.

சூரியத் தகடு வைக்கலாமே என்று பலரும் கேட்கிறார்கள். வைக்கலாம். ஒரு கிலோவாட் தகட்டுக்குச் சுமார் 100 சதுர அடி மொட்டைமாடி போதும். நம் ஊர் வெயிலில் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஆனால் 10 யூனிட் செலவழிக்கும் நூலகத்தில் தகடு வைத்தால் இரண்டரை கிலோவாட் வேண்டும். 4 யூனிட்டாகக் குறைத்துவிட்டு வைத்தால் ஒரு கிலோவாட்டிலேயே அந்த நூலகம் முழுக்க ஓடிவிடும். அதனால் முதலில் சன்னல், அப்புறம் விளக்கும் மின்விசிறியும், கடைசியில்தான் தகடு. இந்த வரிசை மாறினால் செலவுதான் ஏறும். கான்கிரீட் மாடியில் கோடைக்கு முன்னால் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் உள்ளே சூடு கண்கூடாகக் குறையும். நம் வீடுகளில் செய்கிற வேலைதான் இது.

சன்னலைத் திறந்தால் புத்தகம் கெட்டுவிடாதா என்று எங்கள் நூலகர் கேட்டார். நியாயமான கேள்வி. கண்டபடி திறந்தால் கெடும். நேர் வெயில் பட்டால் அட்டை வெளுக்கும், தாள் பழுப்பேறும். அதனால்தான் ரேக்குகளைச் சன்னலுக்கு முதுகு காட்டி நிறுத்தாமல், சன்னல் சுவருக்குக் குறுக்காக, பக்கவாட்டில் நிறுத்த வேண்டும் என்கிறேன். அப்போது இரண்டு ரேக்குகளுக்கு நடுவில் வெளிச்சமும் காற்றும் போகும், வெயில் புத்தகத்தின் மீது விழாது. மேசை நாற்காலிகள் சன்னலோரம் வந்துவிடும். வெளிச்சம் வேண்டியது வாசகருக்குத்தானே. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சன்னலைச் சாத்தித்தான் வைக்க வேண்டும். மழை விட்டு வெயில் வரும் மணி நேரங்களில் திறந்துவிட வேண்டும். சுவரில் மாட்டும் ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முள் 65-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் பூஞ்சணம் வரப்போகிறது என்று அர்த்தம். சுவரை ஒட்டி ரேக் நிற்கக் கூடாது. நாலு விரற்கடை இடைவெளி விட்டால் சுவரின் ஈரம் புத்தகத்துக்கு ஏறாது, கரையான் வந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

குளிர்சாதனம் பற்றி ஒரு வார்த்தை. அது புத்தகத்துக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நாள் முழுக்க, ஆண்டு முழுக்க, ஒரே அளவில் ஓடினால்தான் நல்லது. பகலில் போட்டு, மாலையில் நிறுத்திவிட்டுப் போனால், கடலோர ஊர்களில் இரவு ஈரக் காற்று உள்ளே புகுந்து, குளிர்ந்திருக்கும் அட்டையிலும் தாளிலும் படியும். காலையில் மறுபடி குளிர், மறுபடி காய்ச்சல். இப்படித் தினமும் ஈரமும் காய்ச்சலும் மாறி மாறிப் பட்டால் பசை விட்டுப்போகும், பூஞ்சணம் பூக்கும். அரிய நூல்களுக்கு மட்டும் ஒரு சிறிய அறையை இருபத்துநாலு மணி நேரமும் ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கூடத்துக்கு நல்ல காற்றோட்டமும் மின்விசிறியும் போதும். எழும்பூரில் 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகத்தின் பழைய கட்டடத்துக்குள் ஒருமுறை நின்று பாருங்கள். அத்தனை உயரத்தில் கூரை ஏன் என்று புரியும்.

அடுத்து வாசனை. நூலகத்துக்குள் நுழைந்ததும் வருகிற வாசனையைப் புத்தக வாசனை என்று நினைத்துக்கொள்கிறோம். பல இடங்களில் அது அந்துருண்டை வாசனை. நாப்தலீன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்று கருதும் பொருள்களின் பட்டியலில் அதை வைத்திருக்கிறது. பிறவியிலேயே ஒரு குறிப்பிட்ட நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சிறுவர் பகுதி ரேக்கின் மூலையில் அந்த வெள்ளை உருண்டைகளை நானே கண்டிருக்கிறேன். நாள் முழுக்க அந்தக் காற்றையே சுவாசிப்பவர் நூலகர். அவருக்காக யாரும் பேசுவதில்லை.

இதற்கு மாற்று எங்கோ வெளிநாட்டில் இல்லை, தஞ்சாவூரில் இருக்கிறது. சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துச் சின்னத் துணி முடிச்சுகளாகக் கட்டிச் சுவடிகளுக்கு நடுவே வைப்பார்கள். ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவார்கள். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே நம் வீடுகளில் பெயர். பிள்ளைக்கு ஆகிற பொருள் பிள்ளைகள் படிக்கும் புத்தகத்துக்கும் ஆகட்டும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இந்த முடிச்சு பூச்சியை அண்டவிடாமல் வைக்கும், ஏற்கெனவே குடியேறிய இராமபாணப் பூச்சியைக் கொல்லாது. சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பொடி மாற்றவும் வேண்டும்.

ஏற்கெனவே பூச்சி விழுந்த புத்தகங்களுக்கு நஞ்சில்லாத வழி ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. புத்தகத்தைக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் போட்டு மூடி, ஆழ்குளிர்ப் பெட்டியில் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சி, புழு, முட்டை எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுவிட வேண்டும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும், இல்லையென்றால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். ஐஸ்கிரீம் கடையில் இருக்கிற மாதிரி ஒரு பெட்டி மாவட்டத்துக்கு ஒன்று இருந்தால் போதும். மாவட்ட மைய நூலகத்தில் வைத்துக்கொண்டு, கிளை நூலகங்கள் முறை போட்டு அனுப்பலாம். பைகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

இப்போது என் மனதுக்கு மிக நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். பைண்டிங்.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் நூலகத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பைண்டர் வருவார். பின்கட்டில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டு பத்து நாள், பதினைந்து நாள் வேலை செய்வார். பிரிந்த புத்தகத்தை ஃபாரம் ஃபாரமாக, அதாவது மடித்த தாள் கட்டுகளாக, பிரித்து, ஊசி நூலால் தைத்து, காலிகோ துணி ஒட்டி, கெட்டி அட்டை போடுவார். மைதாப் பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் போடுவார், பூச்சி வராமல் இருக்க. நீலம் கலந்த அந்தப் பசையைக் கிண்டும்போது சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். தொட்டால் கையைத் தட்டிவிடுவார், அதுவும் ஒருவகை விஷம்தான் என்று சொல்லி. அவர் கட்டிய புத்தகங்கள் இன்றும் எங்கள் நூலகத்தில் இருக்கின்றன. ஐம்பது ஆண்டு தாண்டிவிட்டது. தாள் பழுத்திருக்கிறது, கட்டு அசையவில்லை.

இன்று வருகிற புத்தகங்கள் பெரும்பாலும் முதுகில் பசை மட்டும் ஒட்டியவை. வீட்டில் ஒருவர் படித்து அடுக்கி வைப்பதற்கு அது போதும். நூலகத்தில் ஒரு புத்தகத்தை ஐம்பது பேர், நூறு பேர் விரித்துப் படிக்கிறார்கள். பத்தாவது வாசகர் கைக்குப் போகும்போதே பக்கம் உதிர்கிறது. இருபதாவது வாசகருக்கு முடிவுப் பக்கங்கள் இல்லாத நாவல் கிடைக்கிறது. அப்புறம் அது மூலையில் கட்டி வைத்த குவியலுக்குப் போகிறது. ஒரு நாள் பழைய பேப்பர்க் கடைக்கு.

தாளும் மையும் சும்மா வருவதில்லை. மரமோ மூங்கிலோ வேண்டும், தண்ணீர் வேண்டும், ஆலைக்கு மின்சாரம் வேண்டும். ஒரு புத்தகத்தின் சுற்றுச்சூழல் செலவு முழுக்க அது அச்சாகும் நாளிலேயே முடிந்துவிடுகிறது. அதன்பிறகு எத்தனை பேர் படிக்கிறார்களோ அத்தனை பேருக்கு அந்தச் செலவு பங்கு பிரிகிறது. நூறு பேர் படித்தால் தலைக்கு நூறில் ஒரு பங்கு. பத்தோடு உதிர்ந்தால் பத்தில் ஒரு பங்கு. நூலகம் என்ற ஏற்பாடே இந்தப் பங்கீட்டில்தான் நிற்கிறது. தையலைக் கைவிட்டு அந்தப் பலனை நாமே பாதியில் அறுத்துவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எனவே நூல் கொள்முதலில் நூலகப் படிகளுக்குத் தையல் கட்டு வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். விலை சிறிது கூடும். எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஒன்றியத்துக்கு ஒரு பைண்டரையாவது ஆண்டுக்கு ஒரு மாதம் வேலைக்கு அழையுங்கள். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் இன்னும் ஊருக்கு ஒருவர் இருவர் மிச்சமிருக்கிறார்கள், கல்யாணப் பத்திரிகைக்கு உறை ஒட்டிக்கொண்டு. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் நம் அரசின் நிறுவனமே கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது. நூலகங்களுக்கு வாங்கும் பதிவேடு, படிவம் முதலியவற்றுக்கு அந்தத் தாளைக் கேட்டு வாங்கலாம். நூல்களுக்கும் அதற்கு முன்னுரிமை தரலாம்.

கொள்முதல் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுப் பிரிக்காத புத்தகங்களை ஒரு நூலகத்தில் பார்த்தேன். எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை, அங்குள்ள நூலகர் மீது குறை இல்லை, அவருக்கு ரேக்கில் இடமில்லை. சணல் கயிறு போட்ட கட்டின் மேலே தூசி ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் சொன்ன நூலக விதிகளில், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் வேண்டும் என்பது ஒன்று. அதை வாசிப்பு வளர்ச்சிக்கான விதியாக மட்டுமே நினைத்திருந்தேன். அந்தக் கட்டைப் பார்த்த அன்று, சுற்றுச்சூழலுக்கும் அதுவே விதி என்று பட்டது. வாசகர் இல்லாத புத்தகம் வெட்டி எறிந்த மரம்தான்.

ஒரு ஊரில் யாரும் எடுக்காத புத்தகத்துக்கு அடுத்த ஊரில் ஆள் இருக்கும். விவசாய நூல்கள் நகரக் கிளையில் தூங்குகின்றன, போட்டித் தேர்வு நூல்கள் பிள்ளைகள் இல்லாத ஊரில் கிடக்கின்றன. மூன்று ஆண்டு யாரும் எடுக்காதவற்றை ஒன்றியத்துக்குள் கைமாற்றிக்கொள்ள நூலகர்களுக்கு அதிகாரம் கொடுங்கள். கழிவு செய்யும்போதும் கொஞ்சம் பார்த்துச் செய்ய வேண்டும். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட ஊர் நம்முடையது. கரிவலம்வந்தநல்லூரில் சுவடிகளை ஓமத் தீயில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு உ.வே.சா. துடித்துப்போனார். எடைக்குப் போடுவதற்கு முன்னால் உள்ளூர் வரலாறு, பழைய சிற்றிதழ், மறுபதிப்பு வராத நூல் இருக்கிறதா என்று வாசகர் வட்டத்தில் இரண்டு பேரோடு உட்கார்ந்து பார்க்கலாம். அப்படிக் கிடைப்பதைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கோ, தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ தெரிவிக்கலாம்.

நெகிழியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 2019 சனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கு நம் மாநிலத்தில் தடை இருக்கிறது. ஆனாலும் நவம்பர் 14 தொடங்கி நூலக வார விழா நடக்கும்போது வாசலில் ஃபிளெக்ஸ் பேனர், மேடையில் தண்ணீர் பாட்டில், நெகிழி உறையோடு பொன்னாடை. அந்த பேனர் பி.வி.சி., மட்காது, எரித்தால் நச்சுப்புகை. துணியில் எழுதி ஆண்டை மட்டும் மாற்றி ஒட்டிக்கொள்ளலாம். பொன்னாடைக்குப் பதில் மஞ்சப்பையில் ஒரு புத்தகம் வைத்துக் கொடுங்கள். புத்தகங்களுக்கு நெகிழி உறை போடுவதும் வேண்டாம், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் வருகிறது. காக்கித் தாள் போதும்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு மேலவாசல் ஞாபகம் வருகிறது. மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். 1931-இல் கனகசபைப் பிள்ளை என்பவர் அங்கே ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கிச் சுற்றுவட்டார ஊர்களுக்கு அனுப்பினார். இந்தியாவின் முதல் நடமாடும் நூலகம் என்று அதைச் சொல்கிறார்கள். இன்று அதே வேலையை நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் செய்கிறார்கள். நூலகத்துக்கு வர முடியாதவர்களின் வீடு தேடிப் புத்தகம் கொண்டு கொடுக்கிறார்கள். எங்கள் தெருவில் நடக்க முடியாத ஓர் அம்மாவுக்கு ஒரு கல்லூரிப் பெண் சைக்கிளில் கொண்டுவந்து தருகிறாள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சைக்கிளும் துணிப்பையும் நூலகச் செலவில் கொடுத்தால் என்ன?

அதே மாவட்டத்தில் திருத்துறைப்பூண்டிப் பக்கம்தான் நெல் ஜெயராமன் இருந்தார். 2018-இல் மறைந்தார். நெல் திருவிழாவுக்கு வரும் விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 170-க்கும் மேற்பட்ட ரகங்கள் இப்படித்தான் மீண்டு வந்தன. இது இரவல் பிரிவின் அதே முறை இல்லையா? ஊர்ப்புற நூலகங்களில் ஒரு தட்டில் கத்தரி, அவரை, பூசணி, சுரை என நாட்டு விதைகளைச் சின்னக் காகித உறைகளில் வைத்து, உறுப்பினர் அட்டைக்கு இரவல் கொடுக்கலாம். விளைந்த பிறகு இரண்டு உறையாகத் திருப்பித் தரட்டும். யார் கொடுத்தது, எந்த ஊர், எந்தப் பட்டத்தில் விதைத்தது என்று எழுதி வைக்க ஒரு பதிவேடு போதும், பதிவேடு எழுதுவதில் நூலகரை மிஞ்ச ஆள் ஏது. விதை வாங்க வருகிற விவசாயி பக்கத்துத் தட்டில் இருக்கும் வேளாண்மை நூலையும் எடுத்துப்போவார். அது ரங்கநாதனின் விதிக்கும் பொருந்தும்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். விடுதலைக்குப் பிறகு இந்தியாவிலேயே முதலில், 1948-இல், நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது, அந்தச் சட்டம் கொடுத்த வரி அது. அதிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை, நூலகர் தன் கையெழுத்திலேயே செலவு செய்யும்படி விடுங்கள். வசம்பு வாங்க, உடைந்த சன்னல் கொக்கி மாற்ற, மைதாவும் நூலும் வாங்க, ஒழுகும் குழாய்க்கு வாஷர் போட. இப்போது ஒரு சன்னல் கொக்கி மாற்றவே கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருந்து அலுத்த நூலகர் கொக்கி இல்லாத சன்னலைக் கயிறு போட்டுக் கட்டிவிடுகிறார், அதன்பிறகு அது திறப்பதே இல்லை.

அந்த ரேக்குகளுக்குத் திரும்புகிறேன். அவற்றை நகர்த்துகிறோம் என்று வாசகர் வட்டத்தில் எட்டுப் பேர் முன்வந்தோம். தளவாடப் பதிவேட்டில் இருக்கும் பொருளை மேலிடத்து உத்தரவு இல்லாமல் இடம் மாற்றினால் தணிக்கையில் கேள்வி வரும் என்று நூலகர் தயங்குகிறார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. அரசு வேலை பார்த்தவன் நானும். எங்கள் ஊருக்கு மட்டும் ஒரு உத்தரவு கேட்கவில்லை. வாசகருக்கு வெளிச்சமும் காற்றும் வரும்படி, நூல்களுக்குக் கேடு வராமல், ரேக்குகளை இடம் மாற்றிக்கொள்ள அந்தந்த நூலகருக்கு அதிகாரம் உண்டு என்று எல்லாக் கிளைகளுக்கும் ஒரே ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

எங்களிடம் ஆள் இருக்கிறது, நகர்த்துவதற்குச் சாக்குத் துணி இருக்கிறது. வரிசை எண் மாறாமல் புத்தகங்களை இறக்கி ஏற்ற விடுமுறை நாளிலும் வந்து உடன் நிற்பதாக நூலகர் சொல்லியிருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை போதும்.

அன்புடன்,
ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்ட உறுப்பினர்